கடை, சடை, தடை, படை

1978-ல் தபால் தந்தித் துறையில் டெலிபோன் ஆபரேட்டராக மதுரையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு 22 வயது. 2016-ல் பி.எஸ்.என்.எல்.-லிலிருந்து ஓய்வு பெற்றேன். நடுவில் பல வருஷம் டிரங்க் போர்டில் இருந்தேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் கால் புக் பண்ணிவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அர்ஜென்ட் கால், அதற்கும் மேலே லைட்னிங் கால். லைட்னிங் காலுக்கு சாதாரணக் கட்டணத்தைப் போல எட்டு மடங்கு. அவ்வளவு பணம் கொடுத்து ஒருவர் பேசுகிறார் என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு சாவு, இல்லை ஆஸ்பத்திரி. கோயம்புத்தூர், திருச்சி, மெட்ராஸ் போர்டுகளில் இருந்த பெண்களை நான் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் 'ஹலோ' என்ற ஒரு வார்த்தையிலேயே இன்றைக்கு யார் டியூட்டி, அவளுக்குச் சளியா, வீட்டில் சண்டையா என்று சொல்லிவிடுவேன். லைன் கிடைக்கும் வரை "அங்கே மழையா?", "மாமியார் ஊருக்குப் போயாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்போம். கேள்வி கேட்பது என் சுபாவம். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை, 'உனக்கு எதுக்கு இந்த ஊர்க்கதை' என்று சொல்லாத நாளில்லை.

காதால் பிழைத்தவள் நான். அந்தக் காது போனதை நான்கு வருஷம் கண்டுகொள்ளாமல் இருந்தேன். அதற்குள் ஏறக்குறைய 86,000 ரூபாய் கைவிட்டுப் போனது, உயிருக்கு உயிரான ஒரு தோழமையும் போகப் பார்த்தது. யாராவது முன்னாலேயே இதையெல்லாம் எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதா என்று பலமுறை நினைத்து அழுதிருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்களுக்கு 60 தாண்டியிருந்தாலோ, வீட்டில் அப்படி ஒருவர் இருந்தாலோ படியுங்கள்.

2018-ல் வீட்டுக்காரர் தவறிவிட்டார். மகள் பெங்களூரில் இருக்கிறாள். 2020-ல் கொரோனா வந்து எல்லாரும் மாஸ்க் போட ஆரம்பித்ததும், யார் பேசினாலும் வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது. மருந்துக்கடைக்காரர் சொல்லும் விலை புரியாது. 500 ரூபாய் நோட்டை நீட்டி மீதியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். மாஸ்க்தான் காரணம் என்று நினைத்தேன். அதற்கு முன்பே என் காது குறைந்திருந்தது, எதிரில் பேசுகிறவரின் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டிருந்தேன், மாஸ்க் வந்து உதட்டை மூடியதும் குட்டு உடைந்துவிட்டது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உதட்டைப் பார்க்கிறோம் என்று நமக்கே தெரியாது. ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் ஒருவரை உங்கள் முதுகுப் பக்கம் பத்தடி தள்ளி நின்று சாதாரணக் குரலில் நாலு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். திரும்பிப் பார்க்காமல் அப்படியே திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். தடுமாறினால் சோதனைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

எனக்குச் சத்தம் கேட்காமல் இல்லை. அதனால்தான் ஏமாந்தேன். பஸ் சத்தம் கேட்கும், பேச்சும் கேட்கும், ஆனால் என்ன பேசினார்கள் என்பது மட்டும் தெளியாது. "என்ன, என்ன?" என்று இரண்டு தடவை கேட்கலாம். மூன்றாவது தடவை கேட்கும்போது எதிராளியின் முகம் மாறுகிறது பாருங்கள், அதைத் தாங்க முடியாது. அப்புறம் தலையாட்டப் பழகிவிட்டேன். அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் பதில் வரும், அந்தப் பதில் எனக்குப் புரியாதே. சாயங்காலம் கோயில் மண்டபத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பேசுவோம். அங்கே போவதையும் நிறுத்திக்கொண்டேன். கேட்டவர்களிடம் முட்டி வலி என்றேன். மகளின் போனை எடுத்து "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், வெச்சிடறேன்" என்று நானே முடித்துவிடுவேன். "அம்மா இப்பல்லாம் ரொம்ப அமைதியாயிட்டாங்க, பக்குவம் வந்துடுச்சு" என்று அவள் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள். நானும் அதை நம்பினேன். வயசானால் எதிலும் ஒட்டாமல், எதையும் அறிந்துகொள்ளும் ஆசை இல்லாமல் போவது இயல்புதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பேப்பர் படிப்பதுகூடக் குறைந்துவிட்டது. படித்து யாரிடம் சொல்லப் போகிறோம்?

2021-ல் ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு காது மிஷின் வாங்கினேன். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் மட்டும்தான் என்று அப்போது தெரியாது. மிக்ஸி ஓடினால் மண்டைக்குள் ஓடுவது மாதிரி இருக்கும், பேச்சோ பழையபடி குழகுழவென்றுதான் இருக்கும். இரண்டே வாரத்தில் தூக்கிப் போட்டேன்.

2022-ல் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்தது. இலவச காது பரிசோதனை முகாம், இன்றும் நாளையும் மட்டும், 50 சதவீதத் தள்ளுபடி. ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. வெளியே வாகனச் சத்தம், உள்ளே ஏசி சத்தம், நடுவில் ஒரு பையன் லேப்டாப்பையும் ஹெட்போனையும் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் சோதனையை முடித்தான். என் காதுக்குள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு வந்தா இந்த விலை கிடைக்காதும்மா" என்றான். பையன் மரியாதையாகத்தான் பேசினான், அவன் முகத்தைப் பார்த்து என்னால் மறுக்க முடியவில்லை. இரண்டு காதுக்கும் சேர்த்து 84,000 ரூபாய், கையிலிருந்த வைப்புத்தொகையை உடைத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து மாட்டினால், தலையைத் திருப்பும்போதெல்லாம் 'கீ' என்று விசில் அடித்தது. போன் செய்தால் "பழகப் பழக சரியாயிடும்" என்றார்கள். மூன்று மாதம் கழித்து அந்த நம்பர் வேலை செய்யவில்லை. திருப்பிக் கொடுப்பதைப் பற்றி பில்லில் ஒரு வரி கிடையாது. அதைப் பட்டுப்புடவை வைக்கும் பீரோவில் போட்டுப் பூட்டினேன். மகளிடம் சொல்லவில்லை. ஏமாந்தோம் என்று சொல்ல வெட்கம்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமானது. எக்ஸ்சேஞ்சில் எனக்கு இரண்டு வருஷம் சீனியர் ஒருவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறோம். 2024 ஜனவரியில் அவர் கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இரண்டு நாளில் டிஸ்சார்ஜ் என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு ராத்திரி பத்து மணி இருக்கும், அக்கா போன் செய்தார். குரல் கம்மியிருந்தது. "அவர் போயிட்டாருடி" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு முன்பாதி விழவில்லை, '-ட்டாருடி' மட்டும் கேட்டது. டிஸ்சார்ஜ் ஆகி வருவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்த மனசு, விட்டுப்போன இடத்தில் 'வந்து' என்பதைத் தானே போட்டுக்கொண்டது. "அப்பாடா! நல்லதாப் போச்சுக்கா. இனிமே நிம்மதியா இருங்க" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் சரியில்லை என்று நினைத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்ஆப் குழுவில் அஞ்சலிப் படத்தைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. எத்தனையோ லைட்னிங் கால்களில், எத்தனையோ வீடுகளுக்குச் சாவுச் செய்தி போக லைன் போட்டுக் கொடுத்தவள் நான். எனக்கு வந்த ஒரு செய்தியை நான் வாங்கிக்கொண்ட விதம் இது. துட்டிக்குப் போனேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தனை பேர் நடுவில் "எனக்குக் காது கேட்கலைக்கா" என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அன்று ராத்திரி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பீரோவில் இருக்கும் 84,000 உட்பட. அவள் திட்டவில்லை. அடுத்த வாரமே வந்து அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப்போனாள். டாக்டர் முதலில் செய்தது, காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து இரண்டு பக்கமும் கட்டிப்பட்டுக் கிடந்த அழுக்கை எடுத்ததுதான். அதிலேயே கொஞ்சம் தெளிந்தது. அந்த முகாம் சோதனையை நினைத்துப் பாருங்கள், அழுக்கு அடைத்த காதுக்கு அளவெடுத்து மிஷின் விற்றிருக்கிறார்கள். எங்கே போனாலும் முதலில் ஈ.என்.டி. டாக்டர் காதுக்குள் பார்க்கட்டும், மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னைப்போல மெல்ல மெல்லக் குறைவது வேறு, ஒரே நாளில் திடீரென்று ஒரு காது அடைத்தது மாதிரி கேட்காமல் போவது வேறு. பின்னது அவசரம். சளி, தண்ணி போயிருக்கும் என்று வாரக்கணக்கில் காத்திருக்காமல் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே டாக்டரிடம் ஓடுங்கள். சீக்கிரம் மருந்து கொடுத்தால் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

அப்புறம் சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஆடியாலஜிஸ்ட் பெண், அதாவது காது கேட்கும் திறனை அளக்கும் நிபுணர், சோதனை செய்தார். முப்பது வயது இருக்கலாம். ஒவ்வொரு சுருதியாக ஒலியைக் கூட்டிக் குறைத்து, கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார். அந்தக் கணக்கை ஒரு கட்டத்தாளில் குறிக்கிறார்கள், அதுதான் ஆடியோகிராம். வலது காதுக்கு வட்டம், இடது காதுக்குப் பெருக்கல் குறி. 20 டெசிபலுக்குள் கேட்டால் நல்ல காது. எனக்குத் தாழ்ந்த சுருதியில் 25, கிட்டத்தட்ட சரி. 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதிக்குப் போகும்போது 65. கோடு மாடிப்படி இறங்குவது மாதிரி இறங்கியிருந்தது. வயதால் வரும் குறைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்குமாம். பிறகு வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, "நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்கம்மா" என்றார். முதல் வார்த்தைக்கு "வடை" என்றேன். இரண்டாவதுக்கும் வடை, மூன்றாவதுக்கும் வடை. ஏன் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள் இந்தப் பெண் என்று நினைத்தேன். அட்டையை எடுத்துவிட்டு மறுபடி சொன்னார்: கடை, சடை, தடை, படை.

உயிரெழுத்தின் ஒலி தாழ்ந்த சுருதியில் பலமாக வரும், அது எனக்குக் கேட்கிறது. க, ச, த, ப என்று வித்தியாசப்படுத்திக் காட்டும் மெய்யொலிகள் மெல்லியவை, அதில் பெரும்பகுதி உயர்ந்த சுருதியில் இருக்கிறது, அதுதான் எனக்கு விழவில்லை என்று விளக்கினார். உயிர் கேட்கிறது, மெய் போய்விட்டது. நான்கு வருஷமாக எனக்கு என்ன நடந்தது என்று அந்த நாலு வார்த்தையில் விளங்கிவிட்டது. அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். வெளியே அத்தனை பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குப் புத்தி பேதலிக்கிறதோ, மறதி நோய் ஆரம்பிக்கிறதோ என்ற பயம் உள்ளே இருந்தது, அதையும் கேட்டேன். அது இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் காதைக் கவனிக்காமல் விடக்கூடாது என்றும் சொன்னார். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல் டிமென்ஷியாவுக்கு, அதாவது மறதி நோய்க்கு, நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் காது கேட்காமை ஒன்று, யாரோடும் பழகாமல் தனித்துப் போவது இன்னொன்று. காது கேட்காத எல்லாருக்கும் மறதி நோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் நான் அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

மிஷின் வாங்கும்போது இந்த முறை நான் கேட்டதையெல்லாம் நீங்களும் கேளுங்கள். சோதனை செய்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்த ஆடியாலஜிஸ்டா? ஆடியோகிராம் நகல் என் கையில் கிடைக்குமா? வீட்டுக்கு எடுத்துப்போய் சில நாள் மாட்டிப் பார்க்கத் தருவார்களா? பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள், எவ்வளவு பிடித்தம் போகத் திருப்பித் தருவார்கள் என்று பில்லிலேயே எழுதித் தருவார்களா? சத்தத்தைச் சரிசெய்ய எத்தனை முறை வரலாம், அதற்குத் தனிக் காசா? காது கேட்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதையும் நினைவில் வையுங்கள். நான் ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு இரண்டு காதுக்கும் சேர்த்து 62,000 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய மிஷினை எடுத்துப்போய்க் காட்டினேன், என் காதுக்கு அது பொருந்தவே பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். பணவசதி இல்லாதவர்கள் உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் கருவி பற்றிக் கேளுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்திலும் தருகிறார்கள். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-க்குப் பேசலாம்.

மாட்டிய அன்றே எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். முதல் வாரம் கழற்றி எறியலாமா என்று இருந்தது. தட்டு வைக்கும் சத்தம் சம்மட்டி மாதிரி, என் குரலே பானைக்குள்ளிருந்து வருவது மாதிரி. நான்கு வருஷம் கேட்காமல் இருந்ததை மூளை மறுபடி பழகிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும் என்று அந்தப் பெண் முன்னாலேயே சொல்லி அனுப்பியதால் தாக்குப்பிடித்தேன். முதலில் அமைதியான அறையில் தினம் இரண்டு மணி நேரம், அப்புறம் ஒருவரோடு பேச்சு, கடைசியில்தான் சந்தை, கல்யாண வீடு. மூன்று முறை போய்ச் சத்தத்தைச் சரிசெய்துகொண்டேன். பேட்டரி சின்னது, பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய 312 நம்பர். ஸ்டிக்கரைப் பிரித்ததும் ஒரு நிமிஷம் காற்றுப்பட வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். மதுரை வெயிலில் வியர்வைதான் மிஷினுக்கு எமன். ராத்திரி கழற்றித் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிடுகிறேன்.

இரண்டாவது வாரம் ஒரு காலை, அரிசி களைந்துகொண்டிருந்தேன். பாத்திரத்தில் அரிசி உரசும் அந்தச் சின்னச் சத்தம், சரசரவென்று. அதைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று தெரியவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி களைந்தேன், மறுபடியும். அன்றைக்குக் கடுகு தாளிக்கும்போது அடுப்பை விட்டு நகரவே இல்லை.

கேள்வியும் திரும்பி வந்தது. வாசலில் பூக்காரம்மாவிடம் முழம் என்ன விலை என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தவள், மார்கழியில் ஏன் மல்லி இப்படி விலை ஏறுகிறது என்று கேட்டேன். பனியில் மொட்டு வராது, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விடியும் முன்னே அடித்துப்பிடித்து வாங்க வேண்டும் என்று ஆரம்பித்து, மகள் படிப்பு வரைக்கும் அரை மணி நேரம் பேசினார். இந்தத் தெருவுக்கு ஆறு வருஷமாக வருகிறாராம். எதிர்வீட்டில் எட்டாவது படிக்கும் பையன் ஒருநாள் "பாட்டி, நீங்க போன் ஆபீஸ்ல என்ன வேலை பார்த்தீங்க?" என்றான். போர்டில் ஒயரை எடுத்து ஜாக்கில் செருகுவதை விரலால் காட்டிச் சொன்னேன். மூன்று நிமிஷம் முடிந்ததும் நடுவில் புகுந்து 'டைம் ஆச்சு' என்று சொல்வோம் என்றதும், "அப்போ ரெண்டு பேர் பேசறதை நீங்க கேட்பீங்களா?" என்று கண்ணை விரித்தான். லைன் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்போம் என்றேன். அவன் நம்பவில்லை. வாட்ஸ்ஆப்பில் மெசேஜ் எப்படிப் பூட்டிப் போகிறது என்று அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான், பாதி புரிந்தது. மீதியை ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

வீட்டில் காது மந்தமானவர் இருந்தால் அவர்கள் சார்பில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள். எதிரில் வந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று, சாதாரணக் குரலில் பேசுங்கள். கத்தினால் வார்த்தை இன்னும் உடைகிறது. முதல் தடவை புரியாவிட்டால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். "ஒண்ணுமில்லை, விடுங்க" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். எல்லாரும் சிரித்த ஒரு பேச்சை என்னவென்று கேட்கும்போது 'ஒண்ணுமில்லை' என்று வரும் பாருங்கள், அது திட்டுவதைவிட வலிக்கும். அந்த 'ஒண்ணுமில்லை'யைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் வாயை மூடினேன்.

அக்கா வீட்டுக்கு ஏப்ரலில் போனேன். ஆடியோகிராம் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன், சாட்சி மாதிரி. அவர் கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்தார். அந்த ராத்திரி எனக்கு என்ன கேட்டது, நான் என்ன நினைத்துச் சொன்னேன் என்று சொன்னேன். தாளை வாங்கி அந்த இறங்குகோட்டை விரலால் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தார். "போர்டுல உன்னை மாதிரி காது யாருக்கும் கிடையாதேடி" என்றார். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். அவர் கணவருடைய கடைசி இரண்டு நாள் பற்றி முதலிலிருந்து கேட்டேன். அக்கா சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டேன்.

இப்போது தினமும் ராத்திரி ஏழு மணிக்கு எனக்குப் போன் செய்கிறார். கொஞ்ச நாளாக நான் ஒன்று கவனிக்கிறேன். அக்காவும் "என்ன, என்ன?" என்கிறார், நான் கேட்காததற்கெல்லாம் "ஆமாம்டி" என்கிறார். போன வாரம் மெதுவாகச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார், அப்புறம் சரி என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை அழைத்துப் போகிறேன். காலையிலேயே டோக்கன் கொடுத்துவிடுவார்கள், ஏழரைக்கே ஆட்டோ சொல்லிவைத்திருக்கிறேன்.